காலேஜ் குவார்ட்டர்பேக்கை டிராஃப்டுக்கு முன்னாடி எடை போடறது எப்படி: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில பாக்கணும்

ஹைலைட் வீடியோ ஒண்ணு பாக்கறது, மாக் டிராஃப்ட் (யார யாரு எடுப்பாங்கன்னு ஊகிக்கிற லிஸ்ட்) நாலு படிக்கிறது, அப்புறம் நேரம் இருந்தா ஒரு மேட்ச் பாக்கறது. எங்க ஃபேண்டஸி குரூப்ல புதுசா சேர்ற எல்லாரும் இந்த வரிசையிலதான் வர்றாங்க, அதனாலயே ஏப்ரல் கடைசில அமெரிக்கன் ஃபுட்பாலோட என்எஃப்எல் டிராஃப்ட் (புரொஃபஷனல் டீமுங்க காலேஜ் பசங்கள வரிசையா எடுக்கறது) வரும்போது எல்லார் லிஸ்ட்டும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கு. வேலை அதேதான், வரிசைய தலைகீழா மாத்துங்க, பாதி தப்பு தானா போயிடும். ஸ்னாப், சாக், தேர்ட் டவுன் இதெல்லாம் என்னன்னு தெரிஞ்சவங்களுக்குதான் எழுதறேன், கேம் ரூல்ஸ் இங்க சொல்லப் போறதில்ல.

1. உக்கார்றதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ஒரு கியூபிக்கு (குவார்ட்டர்பேக்குக்கு) குறைஞ்சது அஞ்சாறு முழு மேட்ச் வேணும். டிவில வந்த ரெக்கார்டிங் போதும். 22 பேரும் தெரியற கோச்சுங்க ஆங்கிள், என்எஃப்எல் மேட்சுக்கு காசு கட்டினா கிடைக்கும், காலேஜுக்கு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு லேசுல கிடைக்காது.

டிவி கேமராவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஸ்னாப் ஆன உடனே பின்னாடி நிக்கிற சேஃப்டி ரெண்டு பேரும் ஸ்கிரீன விட்டு வெளிய போயிடுவாங்க, ஆழமா ஓடற ரிசீவரும் காணாம போயிடுவான். அதனால "அந்தப் பக்கம் ஒருத்தன் சும்மா நின்னான், இவன் பாக்கவே இல்ல"ன்னு எழுதணும்னா ரீப்ளேல நீங்க கண்ணால பாத்திருக்கணும். தெரியலன்னா அந்தக் கட்டத்த காலியா விட்டுடுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க.

ஒரு ஷீட் திறந்து இந்தக் காலம் (நெடுவரிசை) எல்லாம் போடுங்க: டவுன், தூரம், பிரஷர் வந்துச்சா, முதல் ரீடா (முதல்ல பாத்த ரிசீவரா) அடுத்ததா, பால் போய் விழுந்த இடம், என் மார்க், ரிசல்ட். ரிசல்ட் கடைசி காலமா இருக்கறது சும்மா இல்ல. டச்டவுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் யாராலயும் அந்த த்ரோவுக்கு கம்மி மார்க் போட முடியாது. பால் கையிலேருந்து போனதும் வீடியோவ நிறுத்தி மார்க் போட்டுட்டு அப்புறம் ஓட விடுங்க.

காலண்டரும் வேணும். ஜனவரி நடுவுல யாரு டிராஃப்டுக்கு வர்றாங்கன்னு முடிவாயிடும், அதையொட்டி அலபாமா மாநிலத்துல மொபைல்ங்கற ஊர்ல சீனியர் போல் (கடைசி வருஷ காலேஜ் பசங்களோட மேட்ச்), பிப்ரவரி கடைசில இண்டியானாபொலிஸ்ல கம்பைன் (எல்லா டீமும் பாக்க அளவும் சோதனையும் எடுக்கறது), மார்ச்ல புரோ டே (அவங்கவங்க காலேஜ்லயே எறிஞ்சு காட்டறது). டேப் (மேட்ச் வீடியோ) பாக்கற வேலைய கம்பைனுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் வர்ற சத்தத்துல சொந்தக் கண்ணு வேலை செய்யாது.

2. அவன சுத்தி யாரு இருந்தாங்கன்னு முதல்ல எழுதிடுங்க

வயசு, எத்தனை மேட்ச் ஸ்டார்ட் பண்ணான், ஆஃபென்ஸ் எந்த ஸ்டைல், கோஆர்டினேட்டர் எத்தனை தடவ மாறினாங்க, முன்னாடி நின்ன லைன் எப்படி, ரிசீவர்ல எத்தனை பேரு என்எஃப்எல்லுக்கு போறவங்க. பத்து நிமிஷ வேலை. இத பண்ணாம மேட்ச் பாத்தா மத்தவன் திறமைய எல்லாம் இவன் கணக்குல வரவு வச்சிடுவீங்க.

மாக் ஜோன்ஸ எடுத்துக்குங்க. 2020 அலபாமால 77.4 சதவீதம் கம்ப்ளீஷன். அந்த டீம்ல டெவான்ட்டா ஸ்மித் அந்த வருஷம் ஹைஸ்மேன் (காலேஜ்ல சிறந்த ஆட்டக்காரருக்கான விருது) வாங்கினவன், ஜெய்லன் வாடில் இருந்தான், பின்னாடி நஜீ ஹாரிஸ். செத்த பிட்ச்சுல அடிச்ச செஞ்சுரிய எப்படி பாப்போமோ அப்படித்தான் பாக்கணும், செஞ்சுரி பொய் இல்ல, ஆனா அத வச்சே அடுத்த டூருக்கு டீம் எடுக்க முடியாது.

திடீர்னு ஒரே வருஷத்துல ஒருத்தன் எகிறினா என்ன மாறுச்சுன்னு தேடுங்க. ஜோ பர்ரோ எல்எஸ்யூல (லூசியானா ஸ்டேட்) 2018-ல 57.8 சதவீதம், 16 டச்டவுன். 2019-ல 76.3, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். நடுவுல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்லேருந்து ஜோ பிரேடி வந்து பாஸிங் ஆட்டத்தையே மாத்தினார், ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் முத்திட்டாங்க. "அப்போ சுத்தி இருந்தவங்கதான் காரணம்"னு அங்கயே நிறுத்தினா அதுவும் தப்பு. பர்ரோ பாக்கெட்டுக்குள்ள (லைன் சுத்தி நின்னு காக்கற இடம்) நகர்ற விதம், பாலை வச்ச இடம், இதெல்லாம் சேஸ் வந்து பண்ணிக் குடுக்கல. இங்க எழுதற குறிப்பு தீர்ப்பு இல்ல, டேப்ல எத தேடணும்னு ஒரு கேள்விப்பட்டியல், அவ்வளவுதான்.

ஸ்டார்ட் எண்ணிக்கைய அலட்சியம் பண்ணாதீங்க. மிட்ச் ட்ரூபிஸ்கி நார்த் கரோலினால 13 ஸ்டார்ட், 2017-ல ரெண்டாவது பிக் (டிராஃப்ட்ல ரெண்டாவதா எடுத்த ஆளு). ட்ரே லான்ஸ் நார்த் டகோட்டா ஸ்டேட்ல 17 ஸ்டார்ட், 2020-ல ஆடினது ஒரே மேட்ச், 2021-ல மூணாவது பிக். கம்மியா ஆடினவன் மோசம்னு இல்ல, நம்ம கிட்ட இருக்கற ஆதாரம் கம்மி. அப்போ நம்பிக்கையும் கம்மியா இருக்கணும்ல?

3. எந்த மேட்ச பாக்கறது

இங்கதான் நிறைய பேரு சறுக்கறாங்க. யூட்யூப்ல முதல்ல வர்றத பாக்கறாங்க, அது எப்பவும் அவன் 5 டச்டவுன் போட்ட மேட்சாதான் இருக்கும். நான் எடுக்கறது இப்படி: அந்த சீசன்ல அவன் பாத்த நல்ல டிஃபென்ஸ் ரெண்டு, நம்பர்படி அவனோட மோசமான மேட்ச் ஒண்ணு, பின்தங்கி இருந்து துரத்தின மேட்ச் ஒண்ணு, போன வருஷத்து மேட்ச் ஒண்ணு. கடைசியா வேணும்னா அந்த ஹைலைட் மேட்ச்.

மோசமான மேட்ச் எதுக்குன்னா, அங்கதான் எதிராளி கண்டுபிடிச்ச பலவீனம் இருக்கும். யுஎஸ்சி காலேஜோட கேலப் வில்லியம்ஸ் 2023 அக்டோபர்ல நோட்ரடேம்கிட்ட 3 இன்டர்செப்ஷன் போட்டு 48-20 தோத்த மேட்ச் இருக்கே, அது அவனோட எந்த ஹைலைட்டையும் விட அதிகம் சொல்லும். பாலை எவ்வளவு நேரம் பிடிச்சிட்டே இருந்தான்னு பாருங்க. 2024-ல சிகாகோ பேர்ஸ்ல அவன் வாங்கின சாக் 68. லைன் மேலயும் பழி இருக்கு, அதோட இந்தப் பழக்கமும் கூடவே வந்துச்சு.

நல்ல டிஃபென்ஸ் மேட்ச் சில சமயம் எதிர்ப்பக்கமாவும் வேலை செய்யும். ஓஹையோ ஸ்டேட்டோட சி.ஜே. ஸ்ட்ரவுட் பாக்கெட்ட விட்டு நகர மாட்டான், ஓட மாட்டான்னு சீசன் முழுக்க சொன்னாங்க. 2022 டிசம்பர் 31, பீச் போல்ங்கற பெரிய மேட்ச், எதிர்ல ஜார்ஜியா. 348 யார்டு, 4 டச்டவுன், மார்வின் ஹாரிசன் ஜூனியர் அடிபட்டு வெளிய போனதுக்கப்புறமும் கடைசி டிரைவ்ல அவனே 27 யார்டு ஓடினான். 42-41 தோத்தாங்க. அந்த ஒரு மேட்ச பாக்காம ஸ்ட்ரவுட்ட மார்க் போட்டவங்க எல்லாம் அடுத்த வருஷம் முழிச்சாங்க.

4. முதல் சுத்து: தேர்ட் டவுன் மட்டும்

முழு மேட்ச் பாக்கறதுக்கு முன்னாடி 7 யார்டுக்கு மேல இருக்கற தேர்ட் டவுன மட்டும் தேடிப் பாருங்க. ஃபர்ஸ்ட் டவுன்ல ரன் பயம் இருக்கும், டிஃபென்ஸ் ஏமாறும், கோச் எழுதிக் குடுத்த பிளே பாதி வேலைய முடிச்சிடும். தேர்ட் அண்ட் 9-ல எல்லாருக்கும் பாஸ்தான்னு தெரியும், அங்க கியூபி மட்டும்தான் மிச்சம்.

ஒரு ஸ்னாப்ப எப்படி பாக்கறதுன்னு சொல்றேன். ஸ்னாப்புக்கு முன்னாடி நிறுத்துங்க, சேஃப்டி ஒருத்தனா ரெண்டு பேரா எண்ணுங்க. ஓட விடுங்க. கியூபியோட ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புது? பின்னாடி போற கடைசி அடி தரையில படும்போது பாலை எறிய ரெடியா, இல்ல காலு டான்ஸ் ஆடுதா? முதல் ரிசீவர மூடிட்டாங்கன்னா ஹெல்மெட் அடுத்த பக்கம் திரும்பும்போது காலும் சேந்து திரும்புதா? கண்ணு மட்டும் போய் காலு பழைய இடத்துலயே நின்னா அந்த த்ரோ பின்னாடி போய் விழும் இல்ல உயரமா போகும், பத்துக்கு எட்டு தடவ அப்படித்தான். இப்ப பால் கைய விட்டதும் நிறுத்துங்க, மார்க் போடுங்க. ஒரே ஸ்னாப்ப மூணு தடவ பாக்க வேண்டி வரும், சலிச்சுக்காதீங்க.

5. சும்மா கிடைச்ச யார்ட தனியா பிரிங்க

ஸ்கிரீன் பாஸ், லைனுக்கு பின்னாடியே விழற த்ரோ, ஆர்பிஓ (ரன்னா பாஸான்னு டிஃபென்ஸ பாத்து முடிவு பண்ற பிளே), பிளே ஆக்ஷன்ல (ரன் மாதிரி காட்டி ஏமாத்திட்டு எறியறது) யாருமே இல்லாம ஓடற ரிசீவர். இதெல்லாம் தனி ஷீட்டுக்கு அனுப்பிடுங்க. கியூபி சரியா பண்ணான், ஆனா இத பண்ணாதவனே கிடையாது.

ஆர்பிஓவுல இன்னொரு விஷயம். காலேஜ்ல லைன்மேன் 3 யார்டு வரைக்கும் முன்னாடி போலாம், என்எஃப்எல்ல 1 யார்டுதான். அந்த ரெண்டு யார்டுதான் லைன்பேக்கர குழப்புது. காலேஜ்ல ஆர்பிஓவ நம்பியே பிழைச்ச ஆஃபென்ஸ், மேல போனா அதே அளவுக்கு அத ஓட்ட முடியாது.

மிச்சம் இருக்கறதுதான் உங்க உண்மையான டேப். சில பேருக்கு ஒரு மேட்சுக்கு 35 த்ரோல 12 தான் மிஞ்சும், அந்த 12-ஐ வச்சுத்தான் முடிவு பண்ணணும். அதுக்குத்தான் அஞ்சாறு மேட்ச் கேட்டேன்.

6. பாக்கெட்: இந்தப் பகுதிக்கு அதிக நேரம் குடுங்க

கை பலத்த விட, உயரத்த விட, எனக்கு இதுதான் பெருசு. காரணம் நேரடியானது. என்எஃப்எல்ல முதல் ரீட் மூடியிருக்கும், ரெண்டே முக்கால் செகண்டுக்குள்ள ஒருத்தன் மூஞ்சி முன்னாடி வந்து நிப்பான், இது வாராவாரம் நடக்கும்.

பாக்க வேண்டியது மூணு. ஒண்ணு, பிரஷர் வரும்போது கண்ணு ரிசீவர் மேல இருக்கா இல்ல வர்றவன் மேல போயிடுதா. கண்ணு கீழ இறங்கிடுச்சுன்னா அந்த பிளே முடிஞ்சு போச்சு. ரெண்டு, எந்தப் பக்கம் தப்பிக்கறான். ஓரமா ஆள் வந்தா ஒரு அடி முன்னாடி ஏறணும். பின்னாடி வட்டம் போட்டு ஓடறவன் காலேஜ்ல தப்பிச்சிடுவான், மேல வர்ற டிஃபென்சிவ் எண்ட் அவன விட வேகமா இருப்பான். மூணு, யாருமே வராதப்பவும் ஓடறானா. சுத்தமான பாக்கெட்ட விட்டு தானே வெளிய ஓடறது, நிறைய அடி வாங்கின பையன்களுக்கு வர்ற பழக்கம், சீக்கிரம் போகாது.

சாக்க எல்லாம் லைன் மேல போடறது புதுசா வர்றவங்களோட வழக்கம். ஒவ்வொரு சாக்குக்கும் ஸ்னாப்லேருந்து மனசுல செகண்ட் எண்ணுங்க. ரெண்டரைக்குள்ள விழுந்தா லைன், மூணரை தாண்டினா பெரும்பாலும் கியூபி. நடுவுல இருக்கறதுக்கு ரீப்ளே பாக்கணும்.

7. துல்லியம்னா கம்ப்ளீஷன் சதவீதம் இல்ல

போ நிக்ஸ் 2023 ஆரிகன்ல அதே 77.4. குட்டி குட்டி த்ரோ நிறைய, அதனால அந்த நம்பர வச்சு புகழ்ந்தவனும் சரியில்ல, திட்டினவனும் சரியில்ல. 2024-ல 12-வது பிக்கா டென்வர் எடுத்து அதே சீசன்ல பிளேஆஃப் போச்சு.

நீங்க பாக்க வேண்டியது பால் எங்க வந்துச்சுங்கறது. ஓடற ரிசீவர் வேகத்த குறைக்காம பிடிச்சானா, திரும்பி நின்னு பிடிச்சானா? டிஃபென்டர் இல்லாத தோள் பக்கம் வந்துச்சா? பின்னாடி வந்த பாலையும் நல்ல ரிசீவர் பிடிச்சிடுவான், ஸ்டாட்ல அது கம்ப்ளீட், உங்க ஷீட்ல அது மைனஸ். அதே மாதிரி கையில பட்டு நழுவினது ஸ்டாட்ல தோல்வி, உங்களுக்கு பிளஸ்.

ஜோஷ் ஆலன் பேர இழுக்காதீங்க, ப்ளீஸ். வையோமிங்ல 2017-ல 56.3 சதவீதம், 2020-ல பஃபலோல 69.2. நிஜம்தான். ஆனா கை பலம் இருந்து குறி தப்பற ஒவ்வொரு பையனையும் "அடுத்த ஆலன்"னு சொல்றதுக்கு அது லைசென்ஸ் இல்ல. அவன மாதிரி ஆனவங்க எத்தனை பேருன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க, ஒரு கை போதும்.

8. கை பலம், சீக்கிரமா முடிச்சிடலாம்

போதுமா போதாதா, அவ்வளவுதான் கேள்வி. காலேஜ் மைதானத்துல நடுவுல இருக்கற ஹாஷ் கோடு ரெண்டுக்கும் இடையில 40 அடி, என்எஃப்எல்ல 18 அடி 6 அங்குலம். அதனால காலேஜ்ல ஒரு ஹாஷ்லேருந்து தூர சைடுலைன் 100 அடி, மேல அது 89 அடி. இடது ஹாஷ்லேருந்து வலது ஓரத்துக்கு 15 யார்டு அவுட் ரூட் (ரிசீவர் நேரா ஓடி ஓரத்துக்கு திரும்பறது), பால் தொய்யாம போச்சுன்னா டிக் போட்டு நகருங்க. 70 யார்டு எறியறான்னு வாய பிளக்காதீங்க, சீசனுக்கு எத்தனை தடவ அது தேவைப்படும்?

9. ஓட்டமும் உடம்பும்

காலேஜ் ஸ்டாட்ல ஒரு பொறி இருக்கு. அங்க சாக்ல போன யார்ட கியூபியோட ரன் கணக்குலேருந்து கழிச்சிடுவாங்க, என்எஃப்எல்ல அப்படி இல்ல. 8 தடவ ஓடி 60 யார்டு எடுத்து, 4 சாக்ல 30 விட்டான்னா ஸ்டாட்ஷீட்ல 12 ரன், 30 யார்டுன்னு காட்டும். அத பாத்துட்டு "ஓட மாட்டான்"னு எழுதறவங்கள நிறைய பாத்திருக்கேன்.

ஓடும்போது எப்படி முடிக்கறான்னு பாருங்க. சறுக்கி உக்கார்றானா, லைன்பேக்கர் மேல தோள வச்சு மோதறானா. மோதறது பாக்க நல்லாதான் இருக்கும், 17 மேட்ச் சீசனுக்கு ஆகாது.

அடிபட்ட சரித்திரத்த தனியா எழுதி வைங்க, ஆனா நாமளே டாக்டர் ஆயிடக் கூடாது. மைக்கேல் பெனிக்ஸ் இண்டியானால நாலு சீசன் வரிசையா அடிபட்டு பாதில முடிச்சவன், 2024-ல எட்டாவது பிக். டீம் டாக்டருங்க பாத்தது நமக்கு தெரியாது.

10. இப்ப நம்பர திறக்கலாம்

டேப் முடிஞ்சதுக்கப்புறம்தான். நம்பரோட வேலை நீங்க பாத்தத சரிபாக்கறது. பிரஷர் வந்ததுல எத்தனை சதவீதம் சாக்கா முடிஞ்சுது, இது முக்கியமானது, ஏன்னா இந்தப் பழக்கம் காலேஜ்லேருந்து மேல போறப்பவும் பெருசா மாறறதில்ல. சுத்தமான பாக்கெட்ல எப்படி, பிரஷர்ல எப்படி. 10 யார்டுக்கு மேல போன த்ரோ எப்படி.

டேப் ஒண்ணு சொல்லி நம்பர் வேற சொன்னா ரெண்டையும் நம்பாம இன்னும் ரெண்டு மேட்ச் பாருங்க. பெரும்பாலும் நீங்க எடுத்த மேட்ச் ஒருபக்கமா சாஞ்சிருக்கும்.

எதிராளி யாருங்கறதயும் இங்க சேத்துப் பாக்கணும். ஸாக் வில்சன் 2020-ல பிஒய்யூல (பிரிகம் யங் யுனிவர்சிட்டி) அட்டகாசம், ஆனா கோவிட்னால ஷெட்யூலே கலைஞ்சு வேற டீமுங்கள வச்சு நிரப்பினாங்க, பெரிய டிஃபென்ஸ் கண்ணுலயே படல. தோத்தது கோஸ்டல் கரோலினாகிட்ட ஒரே மேட்ச், 22-17.

11. சீனியர் போல், கம்பைன், புரோ டே

இங்க அளவு டேப்ப நம்புங்க, மத்தத கொஞ்சம் தள்ளி வைங்க. ப்ரைஸ் யங் கம்பைன்ல 5 அடி 10 அங்குலம், 204 பவுண்டு. இது காலேஜ் வெப்சைட்ல போடற நம்பர் இல்ல, அளந்த நம்பர். கென்னி பிக்கெட் கை எட்டரை அங்குலம்னு அளந்தப்போ கிளம்பின அமளி மாதிரி ஒண்ணு வருஷாவருஷம் கிளம்பும், மழை மேட்ச் டேப் இருந்தா அத பாத்துட்டு விட்டுடுங்க.

கம்பைன்ல அறிமுகமே இல்லாத ரிசீவருக்கு, டிஃபென்ஸ் இல்லாம எறியறாங்க. டீமுங்க அங்க போறதுக்கு முக்கியக் காரணமே மெடிக்கலும் இன்டர்வியூவும்தான். புரோ டே இன்னும் மோசம், ஸ்கிரிப்ட் அவனோடது, ரிசீவர் அவனோட ஆளு, ரஷ் கிடையாது. 2021 மார்ச்ல வில்சன் இடது பக்கம் ஓடிக்கிட்டே உடம்புக்கு குறுக்கா ஆழமா எறிஞ்ச ஒரு த்ரோ நாடு முழுக்க சுத்துச்சு, ஜெட்ஸ் ரெண்டாவது பிக்ல எடுத்தாங்க, அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நல்ல புரோ டேவுக்கு மார்க் ஏத்தாதீங்க. எறியவே மாட்டேன்னு ஒதுங்கினாலும் குறைக்காதீங்க.

மார்ச் ஏப்ரல்ல கசியற, ஆட்டக்காரங்க மூளை வேகத்த அளக்கற பரீட்சையோட மார்க்கையும் குப்பையில போடுங்க. 2023-ல ஸ்ட்ரவுட் பத்தி அப்படி ஒண்ணு கசிஞ்சுது, அந்த சீசன் அவன்தான் ஆஃபென்சிவ் ரூக்கி ஆஃப் த இயர்.

12. மார்க்கும் விலையும் வேற வேற

கடைசில ஒரு நம்பர் மட்டும் எழுதாதீங்க, மூணு வரி எழுதுங்க. இன்னைக்கே என்ன பண்ணுவான், எது இருந்தா தாக்குப்பிடிப்பான், எது நடந்தா கவுந்துடுவான். "லைன் நல்லா இருக்கற, பிளே ஆக்ஷன் ஆடற டீம்னா ரெண்டாவது வருஷம் ஸ்டார்ட்டர்"னு எழுதினா அதுல ஒரு அர்த்தம் இருக்கு, வெறும் 84 மார்க்ல ஒண்ணும் இல்ல.

விலைய அதுக்கப்புறம் யோசிங்க. 2021-ல சான் ஃபிரான்சிஸ்கோ லான்ஸுக்காக 12-வது பிக், அடுத்த ரெண்டு வருஷ முதல் ரவுண்டு பிக், கூட ஒரு மூணாவது ரவுண்டு பிக் குடுத்தாங்க. அடுத்த வருஷம் அதே டீம் 262-வது பிக்ல, அதாவது டிராஃப்டோட கடைசி ஆளா, ஐயோவா ஸ்டேட்ல நாலு வருஷம் ஆடின ப்ராக் பர்டிய எடுத்தாங்க, 2023 சீசன்ல அவன்தான் சூப்பர் போல் வரைக்கும் கூட்டிட்டுப் போனான். பர்டிக்கு முதல் ரவுண்டு மார்க் போட்டிருக்கணும்னு நான் சொல்ல வரல. நாலு வருஷ டேப் இருக்கறவன ஏழாவது ரவுண்டுல எடுத்தா போறது ஒண்ணுமில்ல, 17 ஸ்டார்ட்டுக்கு மூணு முதல் ரவுண்டு குடுத்தா போறது நிறைய.

எந்த டீமுக்கு போறாங்கறதுக்கு தனி காலம் வைங்க, மார்க்கோட கலக்காதீங்க. கன்சாஸ் சிட்டியோட பேட்ரிக் மஹோம்ஸ் 2017-ல பத்தாவது பிக், அந்த சீசன் அலெக்ஸ் ஸ்மித் பின்னாடி உக்காந்திருந்தான், கடைசி மேட்ச் மட்டும் ஸ்டார்ட். அன்னைக்கே ஒரு ஓட்டை லைன் பின்னாடி நிறுத்தியிருந்தா அதே டேப், வேற கதையா போயிருக்கலாம்.

டிராஃப்டுக்கு முந்தின நாள் ஷீட்ட லாக் பண்ணி ஒரு காப்பி எடுத்து வைங்க. நீங்க டாப் 10-ன்னு போட்டவன் 40-வது இடத்துக்கு இறங்கினா உடனே மார்க்க திருத்தாதீங்க, மெடிக்கல் நியூஸ் ஏதாவது வந்துச்சான்னு மட்டும் தேடுங்க. வரலன்னா அப்படியே விட்டுட்டு, ரெண்டு சீசன் கழிச்சு அதே காப்பிய திறந்து எந்த நெடுவரிசையில தப்பு போட்டீங்கன்னு பாருங்க.